நாலே நிமிஷம்

"இதுக்கும் கீழ ஒண்ணு இருக்காண்ணா?" என்று கேட்டான் எடிட்டர்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கேட்கிற பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் செய்து தருகிற கடைக்காரர். பன்னிரண்டு வருஷமாகப் பெட்டிகளின் வயிற்றைத் திறந்து மூடியதில் கடைத்தெரு கொடுத்த பட்டம் அது. அவரும் வேண்டாமென்று சொன்னதில்லை.

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ முதலாளி காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். "என் எடிட்டரை அனுப்புறேன். அவன் எதைக் கை காட்டுறானோ அதைப் போட்டுக் குடுங்க. விலையைப் பாக்காதீங்க." இப்படி ஒரு வார்த்தையைக் காதால் கேட்க ஒரு கடைக்காரர் எத்தனை ஜென்மம் தவம் கிடக்க வேண்டும்.

வந்தவனும் நன்றாகத்தான் ஆரம்பித்தான். சத்தமே வராத ஃபேன், கண்ணை உறுத்தாத பெரிய மானிட்டர், விரல் நோகாத கீபோர்டு, எல்லாம் முதல் தரம். டாக்டர் மனசுக்குள் அவனுக்கு மாலையே போட்டுவிட்டார். ப்ராசஸர் என்று வந்ததும் பயல் அலமாரியின் அடித்தட்டுக்கு முன்னால் குந்திவிட்டான்.

"தம்பி, கண்ணு அவ்வளவு பெருசு, மூளை இத்துனூண்டா? லெட்டர் அடிக்கிற ஆபீஸ்ல கூட இதை வாங்க மாட்டாங்க."

"பரவால்லண்ணா."

"கிராஃபிக்ஸ் கார்டு?"

"அதுவும் சுமாரா இருந்தாப் போதும்."

"உங்களுக்குப் பரவால்ல. பெட்டி மேல என் பேர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புறேனே, எனக்குப் பரவா இருக்கு."

டாக்டரின் பெட்டி மெதுவாக ஓடுகிறது என்று இதுவரை ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. சேர்த்து வைத்த சொத்தென்று அவரிடம் இருந்தது அந்த ஒரு பேர்தான். அதில் மண்ணைப் போடவென்றே இவனை எங்கிருந்தோ பொறுக்கி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. முதலாளிக்குச் சொந்தக்காரப் பையனாக இருப்பான், தொழில் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

"சரி, வெட்டி ஒட்டின படத்தை முழுப் படமா எடுக்க உங்க பழைய மெஷின் எவ்வளவு நேரம் எடுக்குது?"

"ஐம்பது நிமிஷம்ணா." சொல்லும்போது பயல் முகத்தில் ஒரு பிரியம் வேறு.

"வெளிய சொல்லாதீங்க, சிரிப்பாங்க. இப்படி உக்காருங்க, காட்டுறேன்."

கடையிலேயே உயர்ந்த மெஷினைத் தட்டி எழுப்பினார் டாக்டர். சோதனைக்கென்று வைத்திருந்த ஒன்றரை மணி நேரக் கல்யாணப் படத்தைப் போட்டு, பட்டனை அழுத்தினார். திரையின் அடியில் பச்சைக் கோடு ஒன்று நகர ஆரம்பித்தது.

கோடு நகர்ந்ததுதான் தாமதம், எடிட்டரின் கை தானாகப் பைக்குள் போய்ச் சாப்பாட்டு டப்பாவை எடுத்தது. திறந்தான், சாப்பிட ஆரம்பித்துவிட்டான். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை. வந்த இடத்தில் பந்தி விரித்துவிட்டான் பார் என்று டாக்டர் பல்லைக் கடித்தார்.

நாலு வாய் உள்ளே போயிருக்கும். 'டிங்' என்றது மெஷின்.

எடிட்டர் சட்டென்று டப்பாவை மூடினான். கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, திரும்பித் தன் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தரம் பார்த்தான். பின்னால் பழைய அட்டைப்பெட்டிகளைத் தவிர யாரும் இல்லை.

"நாலே நிமிஷம்," என்றார் டாக்டர், ஏதோ அவரே ஓடி ஜெயித்த மாதிரி. "இதைப் போட்டா ஒரு நாள்ல மூணு படம் முடிக்கலாம்."

எடிட்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இது வேணாம்ணா. இப்படி ஒண்ணு இருக்குன்னு முதலாளிகிட்டயும் சொல்லிடாதீங்க."

அப்படியா சங்கதி. வேலை சீக்கிரம் முடிவது பயலுக்குக் கசக்கிறது. டாக்டர் போனை எடுத்து முதலாளியின் நம்பரைத் தேடினார். "நல்லா மாட்டினீங்க தம்பி. வேலைக் கள்ளனுக்கு வக்காலத்து வாங்க நான் ஆள் இல்ல. உங்க முதலாளிகிட்டயே கேட்டுடலாம்."

"கேளுங்க," என்றான் எடிட்டர். குரல் இறங்கிப் போயிருந்தது. "காலையில நான் உக்கார்ந்ததுலேர்ந்து அவரு என் நாற்காலிக்குப் பின்னாலயே உக்கார்ந்திருப்பாரு. இங்க வெட்டு, அங்க ஒட்டுன்னு வாய் ஓயாது. நான் எழுந்தா முறைப்பாரு. அந்தக் கோடு ஓடறப்பதான் அவரே எழுந்து வெளிய போவாரு. அந்த ஐம்பது நிமிஷத்துலதாண்ணா நான் சாப்பிடறது, என் பொண்ணுகிட்ட போன்ல பேசறது எல்லாம்."

டாக்டர் டப்பாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். போனில் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதுக்கும் கீழ உள்ள ஒண்ணு கிடக்கு தம்பி, ஒன்றரை மணி நேரம் எடுக்கும். ஆனா என் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன்."