பன்னிரண்டாவது துணி

கொப்பரையில் கொதித்துக்கொண்டிருந்த துணியைக் கம்பால் தூக்கியபோதுதான் அவன் அதைப் பார்த்தான்.

ஓரத்தில் ஒரு சிவப்பு.

இந்தத் துணியில் சிவப்பே கூடாது. கப்பலேறிப் போய், வெள்ளைக்காரர்கள் தங்கள் சீமையில் எழவு வீட்டில் உடுத்துகிற துணி இது. வெள்ளைத் தரையில் கறுப்புக் கொடி, கறுப்பு இலை, அவ்வளவுதான். வெள்ளைக்காரர்களின் கோட்டைக்காகத் துணி வாங்க வரும் துபாஷி நூறு தடவை சொல்லியிருந்தார். ஒரு பொட்டு சிவப்பு இருந்தாலும் கோட்டையில் கிழித்து எறிந்துவிடுவார்களாம்.

எந்த எருமை செய்த வேலை இது என்று வாய்வரை வந்துவிட்டது.

துணியைக் கல்லின்மேல் விரித்தான்.

ஐந்து விரல். ஒரு உள்ளங்கை. அவன் கையில் பாதிகூட இல்லை.

வேம்பு.

மகள் போய் இருபத்தொரு நாள் ஆகிறது. மூன்றே நாள் காய்ச்சல்.

படிகாரத் தண்ணீருக்கு நிறம் கிடையாது. துணியில் பட்டுக் காய்ந்துவிட்டால் பட்ட இடமே தெரியாது. கறுப்பு நன்றாக ஏறுவதற்காகக் கடைசியில் சாயவேரில் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். அப்போதுதான் படிகாரம் பட்ட இடம் சிவக்கும். சாயக்காரன் வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியாதா என்ன. நன்றாகவே தெரியும்.

காய்ச்சலுக்கு முன் ஒருநாள் அவன் அவளிடம் கத்தியிருந்தான். சிவப்புத் துணிகளுக்காக வைத்திருந்த படிகாரச் சட்டி சரிந்து, தரையெல்லாம் ஈரம். கோட்டைத் துணியைத் தொட்டாயா என்று கேட்டான். வேம்பு இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள்.

"நான் தொடலப்பா."

சுத்தமான கை. நம்பிவிட்டான்.

பொய் சொல்லியிருக்கிறாள், கழுதை.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அழுகை வந்தது.

இதை மறைப்பது பெரிய காரியமில்லை. இரும்புக் கறுப்பைத் தொட்டு மேலே ஒரு பூ எழுதிவிட்டால் போதும். ஐந்து விரலுக்கு ஐந்து இதழ். துபாஷிக்கும் தெரியாது, சீமையில் அதை உடுத்தப் போகிறவளுக்கும் தெரியாது.

எழுதுகோலைக் கையில் எடுத்தான்.

முனையில் கறுப்பு திரண்டு, துணிமேல் சொட்டாமல் தரையில் சொட்டியது. கோலைத் திரும்பச் சட்டியில் வைத்தான். மறுபடி எடுத்தான்.

வேர் இடித்துக்கொண்டிருந்த மனைவி, அவன் துணி கிண்டும் சத்தம் நின்றுபோனதைக் கவனித்து எழுந்து வந்தாள்.

பார்த்தாள்.

குனிந்து, அந்தச் சின்னக் கையின்மேல் தன் கையை வைத்தாள். சூடு ஆறாத துணி. கையை எடுக்கவேயில்லை.

பிறகு ஈரத்தோடு சுருட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. பயம் மட்டும் வந்தது.

உச்சிப்பொழுதில் துபாஷி வந்தார். காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். திருப்திதான். எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"பன்னெண்டு குடுத்தேன். பதினொண்ணுதான் இருக்குது."

"ஆத்துமணல்ல காயப்போட்டிருந்தேங்க. காணல."

துபாஷி அவனை ஏற இறங்கப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. போன மாதம் கோட்டைத் துணியை எடுத்தவனைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர்.

"இங்க பாரு. அங்க போய்ச் சொன்னா முதுகுத்தோல் உரிஞ்சிடும். எங்கிட்ட நெசத்தச் சொல்லு. நீ எடுத்து வச்சிருக்கியா?"

கதவுக்குப் பின்னால் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது அவனுக்குத் தெரிந்தது.

அவன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினான். மணிக்கட்டு வரை சாயவேர்ச் சிவப்பு.

"நான் தொடலங்க."