லிட்டருக்கு ஒன்பது

வாசலுக்குப் பத்தடி முன்பே லிஜா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கள்ளனைப் பிடிக்கப் போகிறவள் காலோசை கேட்க நடக்கலாமா?

பகல் இரண்டரை மணி. நெய்யாற்றின்கரையில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்து, பாறசாலையில் இறங்கி நடந்து வந்திருந்தாள். இந்த வேளையில் அவள் வருவாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் லீவே.

விஷயம் காரைப் பற்றியது.

பழைய கார்தான். ஆனாலும் அவள் சம்பளத்தில் வாங்கியது, அவளைத் தவிர யாரும் ஓட்டாதது. ரிசர்வ் விளக்கு எரிந்ததும் களியக்காவிளை பம்பில் சரியாகப் பத்து லிட்டர் போடுவாள். அடுத்த முறை விளக்கு எரியும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று நோட்டில் எழுதுவாள். ஆயில் மாற்றிய தேதி, டயரில் காற்று பார்த்த தேதி, வைப்பர் ரப்பர் மாற்றிய தேதி, எல்லாம் அதில் உண்டு.

ஒன்றரை வருடமாக லிட்டருக்குப் பத்தொன்பதுக்குக் கீழே இறங்கியதில்லை.

பிரசவ லீவு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய பிறகு பதினான்கு ஆயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வரும் வழியில் விளக்கு எரிந்தது. கணக்குப் போட்டாள்.

ஒன்பது.

குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. அதுவும் லேப் படிப்பு. எண் குறைந்தால் உடம்பில் எங்கேயோ கேடு இருக்கிறது என்பாள், வேறு சமாதானம் எதுவும் அவளிடம் செல்லாது.

மெக்கானிக் தீபு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தான்.

"ஒரு சூக்கேடும் இல்ல சேச்சி. பிளக் நல்லது, ஃபில்டர் நல்லது, ஒழுக்கும் இல்ல. பாவம், வண்டியைக் குத்தம் சொல்லாதீங்க."

வண்டியில் குற்றம் இல்லையென்றால் வீட்டில்தான் குற்றம். அவள் ஓட்டிய தூரத்துக்கு மேல் மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறவில்லை. பெட்ரோல் மட்டும் போகிறது. யாரோ குழாய் விட்டு எடுக்கிறார்கள். பைக் வைத்திருப்பது அவள் கணவன் ஜித்தின். அவனையே கேட்டாள், நீதானே உறிஞ்சுகிறாய் என்று.

"உறிஞ்சுற வேலை உனக்காக்கும்" என்றான் அவன். "நாள் முழுக்க ஆளுகளுக்க ரத்தம் உறிஞ்சுறது ஆரு?"

அதற்கு அவன் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

மாமனார் ராபின்சன் மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது. அவர் மேல் இருந்தது கோபமும் பயமும்தான்.

வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அவர் சொன்னார்: "ஒரு மாசம் பாப்பேன். பிள்ளை உறங்காம அழுது நெலவிளிச்சா, நீ வேலையை விடணும்."

மாமியார் லீலாபாய் நூறு நாள் வேலைக்குப் போய்விடுவாள். பகல் முழுக்க எட்டு மாதக் குழந்தையோடு அவர் ஒருவர்தான். சாயங்காலம் வந்ததும் லிஜா முதலில் கேட்பது, குழந்தை உறங்கினாளா என்பதைத்தான். "உறங்கினா" என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதை நம்பவும் அவளுக்குப் பயம், நம்பாமலிருக்கவும் பயம்.

இன்றைக்கு வெள்ளி. இன்றோடு அந்த ஒரு மாதம் முடிகிறது. திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போவாளா மாட்டாளா என்பது அந்த மனிதர் வாயில் இருக்கிறது.

இந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் ஒரு பெட்ரோல் கள்ளன். ஞாயிற்றுக்கிழமை முதல் அவள் ஒரு சொட்டு போடவில்லை. காலி டேங்கை உறிஞ்சி வாய் புண்ணாகட்டும் என்று விட்டிருந்தாள்.

அவள் பஸ்ஸில் வேலைக்குப் போகும் நாளெல்லாம் கார் வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் நிற்கும், சாவி வீட்டு ஆணியில் தொங்கும். சுவரோரமாகப் பதுங்கிப் போனவளின் காதில் சத்தம் விழுந்தது.

எஞ்சின் ஓடுகிறது.

உறிஞ்சுவது போதாதென்று வண்டியையே கொண்டுபோகிறானா? செருப்பை ஓங்கியபடி, தொண்டை நிறையக் கத்தலோடு பாய்ந்து மூலை திரும்பினாள்.

கத்தலை விழுங்கி, செருப்பைக் கீழே இறக்கினாள்.

டிரைவர் சீட்டைப் பின்னால் சாய்த்துப் போட்டு ராபின்சன் படுத்திருந்தார். ஏசி காற்றில் அவருடைய நரைமுடி பறந்துகொண்டிருந்தது. அவர் நெஞ்சின் மேல் கவிழ்ந்து, சட்டையெல்லாம் எச்சில் ஒழுக, குழந்தை அயர்ந்து உறங்கியது.

அவர் ஒரு விரலை உதட்டில் வைத்தார். கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினார்.

"ஒச்ச வைக்காத. இப்பதான் கண்ணடச்சா."

நாலு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த சண்டை முழுவதையும் லிஜா கிசுகிசுப்பாகவே கேட்க வேண்டியிருந்தது.

"எத்தனை நாளா மாமா?"

"வண்டி இரைஞ்சாத்தான் உறங்குவா. நிறுத்தினா முழிச்சிருவா. முழிச்சா ஒரே நெலவிளி..."

சொல் விழுந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவளும் கேட்டுவிட்டாள். பிள்ளை அழுதால் வேலை இல்லை என்று விதித்த வாயே அதைச் சொல்லிவிட்டது.

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். டாஷ்போர்டைப் பார்த்ததும் குரலில் பழைய கடுப்பு ஏறியது, குழந்தை உணராத அளவுக்கு.

"அஞ்சு நாளா வெளக்கு எரியுது, கண்ணுல படல்லியா? வண்டி வச்சிருக்கவளுக்கு ஒரு விசாரம் வேண்டாமா? திங்கக்கெழம நீ வேலைக்குப் போனா, பிள்ளைய நான் எதுல வச்சு உறக்குவேன்?"