பின்சக்கரத்தில் ஓர் ஆணி

சுத்தியல் தலையில் கோணித் துண்டைச் சுற்றிக்கொண்டு, தம்பியின் மோட்டார் சைக்கிள் அருகே அண்ணன்காரன் குந்தியிருந்தான். பின்சக்கர டயரில் ஓர் ஆணியை வைத்துச் சத்தம் வராமல் தட்டினான். சமையலறை ஜன்னலில் நின்று அவன் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று இருவரும் போட்ட சண்டையைத் தெருவே வேடிக்கை பார்த்தது. "உன்னை வளர்த்தவன் நான்" என்று அண்ணன் வழக்கத்தைவிட ஒரு தடவை கூடுதலாகச் சொல்லிக் காட்டிவிட்டான். மலைக்கு அந்தப் பக்கம் வேலை தேடிக்கொண்டேன், இனி இந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று தம்பி குதித்தான்.

"வாசலைத் தாண்டினா நீ செத்துட்டேன்னு தலை முழுகிடுவேன்டா!" என்று கத்தினான் அண்ணன். வாய் வார்த்தைதானே என்று அவளும் நினைத்திருந்தாள். இப்போது ஆணியைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

புது டயர் போட்ட அன்று கொழுந்தன் பீற்றிக்கொண்டது வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது. "டியூப்லெஸ் அண்ணி! உள்ள டியூபே கிடையாது. ஆணி ஏறினாக்கூட உடனே உட்காராது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் காத்து இறங்கும், ஓட்டறவனுக்கே தெரியாது." ஓட்டுபவனுக்கே தெரியாமல், மலை வளைவில், ஒரு பக்கம் பள்ளம் இருக்கிற இடத்தில் காற்று இறங்கினால்?

அண்ணன் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். "துரை கிளம்பிட்டாரா?"

"குளிச்சிட்டு இருக்கான்" என்று டீயை நீட்டினாள்.

"கிளம்பட்டும், கிளம்பட்டும். பார்க்கலாம்" என்றவன் டீயை வாங்கி நிதானமாக ஊதிக் குடித்தான்.

இந்த மனுஷனா அந்த டயரை மாட்டியவன்? தன் ஒர்க்‌ஷாப் வேலையையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, தம்பி வண்டியின் சக்கரத்தைக் கழற்றி, ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தானே! அவளுடைய முகப் பவுடர் டப்பாவைக்கூடத் தூக்கிக்கொண்டு போய்ப் பாதி காலி பண்ணி, கிரீஸ் கைரேகையோடு திருப்பிக் கொடுத்தானே! அந்தக் கையா இன்று ஆணி அடித்தது?

தோளில் பையும் கையில் ஹெல்மெட்டுமாகக் கொழுந்தன் வந்தான். "வரேன் அண்ணி."

அவள் வாசலை மறித்துக்கொண்டாள். "அந்த வண்டியை எடுக்காதே தம்பி. பஸ்ல போ."

"ஏன் அண்ணி?"

"டயர்ல ஆணி இருக்கு."

"அதுக்கா இப்படி வேர்க்குது? டியூப்லெஸ்தானே. போற வழியில பார்த்துக்கறேன்."

"அடிச்சது உங்கண்ணன்டா! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

கொழுந்தன் முகம் வெளுத்துப்போனது. பின்னால் டீ டம்ளரோடு நின்ற அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மிச்ச டீயைக் குடித்தான்.

பையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான் தம்பி. அவளும் ஓடினாள். பின்சக்கரம் தரையோடு தரையாக, பொட்டுக் காற்று இல்லாமல் சப்பிக் கிடந்தது.

"டியூப்லெஸ் இப்படி உட்காராதே..." என்று முணுமுணுத்தான் தம்பி.

"கம்பிச் சக்கரத்துல டியூப்லெஸ் எங்கடா நிக்கும்? ஒவ்வொரு கம்பி ஓட்டை வழியாவும் காத்து ஓடிடும்" என்றபடி அண்ணன் படியிறங்கி வந்தான். "டயர் மேலதான் டியூப்லெஸ்னு எழுதியிருக்கு. உள்ள டியூப் போட்டு, ஒட்டிக்காம இருக்க உங்கண்ணி பவுடரைத் தூவித்தான் மாட்டினேன். நீ ஊரெல்லாம் பீத்திக்கிட்டியா, அதான் சொல்லல. டியூப்ல ஆணி பட்டா, வண்டி கேட்டைக்கூடத் தாண்டாது."

"அது தெரிஞ்சுமா அடிச்சே?"

"தெரிஞ்சுதான்."

"ஏண்ணே?"

அண்ணன் தம்பியைப் பார்க்கவில்லை. காலி டம்ளரையே பார்த்தபடி சொன்னான்:

"போகாதேன்னு கெஞ்ச எனக்கு வராதுடா, ஆணி அடிக்கத்தான் வரும்."