நச்சரிப்பு இல்லாத நாள்

சங்கு குளிக்கும் தொம்மையின் பிடரிக்குள் உட்கார்ந்து, மூளையின் அடிப்பகுதியான முகுளம் அவன் மூச்சைக் கவனித்துவந்தது. அவன் கடலடியில் இருக்கும்போதெல்லாம் கரியமில வாயு ரத்தத்தில் ஏறி வந்து, "போதும், மேலே போகச் சொல்லு" என்று அதை நச்சரிக்கும்.

தொம்மைக்கு அந்த நச்சரிப்பு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் குதிக்கும் முன் வேகவேகமாக மூச்சு விட்டு, கரியமில வாயுவை வெளியே ஊதித் தள்ளினான்.

அன்று கடலடி அமைதியாக இருந்தது. பிராணவாயு சத்தமில்லாமல் தீர்ந்துகொண்டிருந்தது.

"எனக்கு இருட்டிக்கொண்டு வருகிறது" என்றது கண்.

"கரியமில வாயு ஒன்றும் சொல்லவில்லையே. அது சும்மா இருக்கிற ஆளா?" என்றது முகுளம்.

கடைசியில் கரியமில வாயு அரக்கப்பரக்க வந்து, "மேலே போகச் சொல்லு" என்று முகுளத்தை உலுக்கியது. பிராணவாயு இல்லாமல் மயங்கிக் கிடந்த முகுளம் எழவில்லை.

தொம்மை இடுப்புக் கயிற்றை அசைத்தால் இழுப்பதற்காக, படகில் அவன் மச்சான் அதன் மறுமுனையைப் பிடித்தபடி காத்திருந்தான்.