ஜகார்த்தா மாப்பிள்ளை

தோழர்களே, மரக்காணத்தில் நடந்த இந்தக் கொடுமையைக் கேளுங்கள்! உப்பளத் தொழிலாளி சேட்டுவின் மகள் பாக்கியலட்சுமியைப் பெண் பார்க்க வந்தவர்கள், அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை.

"கவர்மென்ட் வேலைன்னு புரோக்கர் சொன்னாரு. எதுவா இருந்தாலும் வுட்டுடணும்," என்றார் மாப்பிள்ளையின் தாய். "எம்புள்ள சதீஷு ஜகார்த்தா தூதரகத்துல கிளார்க்கு. உப்பளத்துப் பொண்ணு அங்கல்லாம் எப்படித்தான் பொழைப்பாளோ!"

பாக்கியலட்சுமி சிரித்தபடியே காபித் தட்டை நீட்டினாள்.

"வேலைய வுட முடியாதுங்களே. திங்கக்கெழமை அதே தூதரகத்துல துணைத் தூதரா ஜாயின் பண்றேன். உங்க புள்ளையோட அடுத்த லீவுக்கு நான்தாங்க கையெழுத்துப் போடணும்."

"மேடம்!" என்று துள்ளி எழுந்த சதீஷ், தட்டைப் பிடுங்கி அவளுக்கே காபி நீட்டினான். "யம்மா, நீயும் எழுந்திரு!"

மேலதிகாரி என்றால்தான் இந்த மரியாதையா? இளைஞர்களே, எந்தப் பெண்ணைப் பார்க்கச் சென்றாலும் அந்தத் தட்டை முதலில் நீங்கள் ஏந்துங்கள்!