யாரும் கை வைக்கக்கூடாது

பின்சக்கர நட்டு அசையவே மாட்டேன் என்றது.

குந்தாரப்பள்ளி தாண்டி, ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத இடத்தில், ஃபெபா சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது பாக்கெட்டில் அடங்குகிற குட்டி ஸ்பேனர். காலையில் அணையில் நீந்திய ஈரம் எப்போதோ காய்ந்து, தலையெல்லாம் இப்போது வேர்வை.

கொஞ்சம் தள்ளி அவள் புருஷன் டெல்வின் நின்றான். அவனுடைய மொபெட் பெட்டியில் முழநீள ஸ்பேனர் இருந்தது. ஓசூரில் அவன் வேலை பார்க்கிற கம்பெனியில் எந்த மெஷினில் எந்த நட்டு இறுகிக்கொண்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.

போட்டியின் சட்டம் அப்படி.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும். வழியில் எது கெட்டாலும் தானே சரிசெய்துகொள்ள வேண்டும். வெளியாள் கை பட்டால் நீக்கிவிடுவார்கள். சைக்கிளுக்கு நேரக்கெடு வேறு. அதற்குள் போய்ச் சேராவிட்டால் ஓட விடமாட்டார்கள்.

ஃபெபாவுக்கு இது முதல் போட்டி. ஒரு வருஷமாக, ஷிப்ட் முடிந்து வந்து சோற்றை வடித்த கையோடு சைக்கிளை எடுத்தவள். கம்பெனியில் அவளோடு லைனில் நிற்கிற பெண்கள் கேலி செய்து ஓய்ந்து, கடைசியில் அவளுக்காக வேண்டிக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டார்கள். முடிக்க வேண்டும், கடைசி ஆளாகவாவது முடிக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

வெறும் பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டியிருப்பாள். ஆனால் ட்யூப் வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தது. வேறு ட்யூப் அவளிடம் இருக்கிறது. அதை மாட்ட வேண்டுமானால் சக்கரம் வெளியே வர வேண்டும்.

வராது. ஏன் வராது என்று டெல்வினுக்குத் தெரியும்.

போன மாதம் சானமாவு இறக்கத்தில் இதே சக்கரம் நட்டு தளர்ந்து ஆடி அவளைக் கீழே தள்ளியது. மோவாயில் தையல் போட வேண்டியதாயிற்று. அந்தப் பயத்தில் நேற்று அவளுக்குத் தெரியாமல் நட்டுக்குச் சிவப்புப் பசை வைத்து முறுக்கிவிட்டான். இனிமேல் கழற்றவே போவதில்லை என்கிற நட்டுகளுக்குக் கம்பெனியில் வைக்கிற பசை அது. வழியில் கழற்ற வேண்டி வருமே என்று தோன்றவில்லை. புத்தி புல் மேயப் போயிருந்தது.

போட்டி நடத்துகிறவர்களின் பைக் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஃபெபாவைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு டெல்வினிடம் வந்து, கன்னடத்தில், தணிந்த குரலில் ஏதோ சொன்னார். டெல்வின் தலையை மட்டும் ஆட்டினான். பைக் போய்விட்டது.

"என்ன சொன்னாரு?" என்றாள் ஃபெபா, நிமிராமலே.

"யாரும் கை வைக்கக்கூடாதாம்."

அதன்பிறகு டெல்வின் காவல்காரனாகவே ஆகிவிட்டான்.

ரோட்டில் ஒரு பெண்பிள்ளை சைக்கிளோடு அல்லாடுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற ஊரா இது? தக்காளி ஏற்றி வந்த டெம்போவை ஓரங்கட்டிவிட்டு, டிரைவர் சென்றாயன் ஸ்பேனரோடு குதித்தான். டெல்வின் இரண்டு கையையும் விரித்து மறித்தான். சட்டத்தைச் சொன்னான். சென்றாயனுக்கு அது ஒரு சட்டமாகவே படவில்லை.

"அப்ப வண்டியில ஏத்துங்க சார். முன்னால கொண்டுபோயி எறக்கி உடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

அவனைக் கும்பிட்டு அனுப்புவதற்குள், எதிர் வயலிலிருந்து ஒரு அம்மாள் சொம்பில் மோரோடு வந்துவிட்டாள். மோரும் கூடாது என்றான் டெல்வின். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொண்டாட்டி வெயில்ல கெடந்து சாவறா. வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கறயே, நீயெல்லாம் ஒரு ஆம்பளயா?"

அவள் கேட்டதில் தப்பு இல்லை.

ஸ்பேனர் வழுக்கி ஃபெபாவின் விரல்முட்டி உரிந்தது. ரத்தத்தைப் பனியனில் துடைத்துவிட்டு மறுபடி திருகினாள். சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதான். டெல்வின் ஓர் அடி முன்னால் வைத்தான், திரும்பப் பின்வாங்கிக்கொண்டான். இப்படியொரு கையாலாகாத நாள் அவன் பிழைப்பில் வந்ததே இல்லை.

கடைசியில் அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"அத்தான், வாங்க. வந்து கழட்டுங்க."

டெல்வின் பதறிப்போனான். "கை வெச்சா போட்டி போயிருமே, ஃபெபா."

"அந்த அண்ணன் ஹெல்மெட்டைக் கழட்டினப்பவே போயிட்டுது அத்தான்."

நேரக்கெடு முடிந்துவிட்டது, இனி ஓட விடமாட்டோம், அவர்களிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போனது அதுதான்.

"தெரிஞ்சுக்கிட்டா இவ்வளவு நேரமும் திருகுன?"

ஃபெபா நட்டின் விளிம்பைக் காட்டினாள். சிவப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. அவள் லைனிலும் அதே பசைதான்.

"நான் நிறுத்துனா உங்களாலதான் போச்சுன்னு ஆயிருமே அத்தான்," என்றாள்.