அனுமதி இல்லாமல்

சென்னியம்மாளைப் பாலுசாமி கடைசியாக உயிரோடு பார்த்தது கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில்.

"சாத்துக்குடி வேண்டாமுங்க, புளிக்குது. ஆரஞ்சு வாங்கியாங்க" என்றாள்.

அவர் ஆரஞ்சோடு திரும்பி வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

பதினோரு வருஷம் ஆகிவிட்டது. கோபிசெட்டிபாளையத்து வீட்டில் அவள் படத்துக்குப் பூ வைக்காமல் அவர் ஒரு நாளும் தோட்டத்துக்குப் போனதில்லை. மார்பளவுக் கறுப்பு வெள்ளைப் படம். மாங்காய்க் கரை போட்ட பட்டு, கழுத்தில் அட்டிகை.

அந்தப் படத்தைத்தான் மகன் கிருபாசங்கர் ஒரு காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு வந்தான்.

"காலேஜ் பக்கத்துல பிரவுசிங் சென்டர் தொறந்திருக்காங்கப்பா. இன்டர்நெட்டுல கோயமுத்தூர்னு தேடுனேன். இது வந்துச்சுங்க."

அதே பட்டு. அதே அட்டிகை. அட்டிகை நடுவில் ஒரு கல் விழுந்த ஓட்டைகூட அப்படியே இருந்தது. முகம் மட்டும் வேறு யாருடையதோ.

"அம்மா தலைய எடுத்துப்போட்டு வேற யாரோ தலைய ஒட்டி வெச்சிருக்காங்க. கம்ப்யூட்டர்ல அதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலைங்கப்பா."

படத்துக்கு அடியில் இங்கிலீஷில் இரண்டு வரி. பையன் படித்துச் சொன்னான். ரசாக் ஸ்டுடியோ, கோட்டைமேடு. அனுமதி இல்லாமல் இந்தப் படத்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது.

சென்னியம்மாளின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் செய்து கொடுத்தது அந்த ரசாக்தான்.

வக்கீல் சுந்தரராஜுலு நோட்டீஸ் டைப் அடித்துக் கொடுத்தார். தபாலில் போட வேண்டாம், நானே நேரில் கொடுக்கிறேன் என்று பாலுசாமி கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினார். போன வருஷக் குண்டு வெடிப்புக்குப் பிறகு கோட்டைமேட்டுப் பக்கம் அவர் கால் வைத்ததில்லை.

"வாங்கண்ணா, உக்காருங்க. பாஸ்போர்ட் சைசுங்களா?" என்றார் ரசாக்.

"ஏனுங்க பாய், என்னைத் தெரியலீங்களா? எண்பத்தெட்டுல எம் பொண்டாட்டி படம் செஞ்சு குடுத்தீங்க." காகிதத்தை மேஜைமேல் விரித்தார். "இது என்னங்க?"

ரசாக்கின் முகம் மாறிவிட்டது.

"இது... எம் பையன் ஆரிஃப் போட்டதுங்க. துபாய்ல இருக்கறான். நம்ம ஸ்டுடியோப் படத்தையெல்லாம் இன்டர்நெட்டுல ஏத்தறேன்னான்."

"ஆரு ஏத்துனாலும் சரிங்க. எம் பொண்டாட்டி படத்தை ஆரைக் கேட்டு எடுத்தீங்க? செத்தவ தலைய எடுத்துப்போட்டு, எவளோ ஒருத்தி தலைய ஒட்டி..."

"அண்ணா, வார்த்தையப் பாத்துப் பேசுங்க."

"நீங்க செய்யலாம், நான் பேசக் கூடாதுங்களா? அனுமதி இல்லாம ஆரும் எடுக்கக் கூடாதுன்னு வேற எழுதி வெச்சிருக்கீங்க. திருடன் ஊட்டுக்குப் பூட்டு வேறயாங்க?"

கோபத்திலும் அவருக்கு 'ங்க' விட்டுப்போகவில்லை.

ரசாக் உள்ளறைத் திரைச்சீலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"படத்தை எடுத்தறச் சொல்றனுங்க. இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிப்போடறேன். இதோட உட்டுருங்கண்ணா."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்தான் பாலுசாமிக்குச் சந்தேகம் வலுத்தது.

"உட முடியாதுங்க. இன்னும் எத்தனை பேருக்கு வித்தீங்களோ! நெகட்டிவை எடுங்க. அது எங்கிட்டதான் இருக்கோணும்."

"நெகட்டிவ் வேண்டாமுங்கண்ணா."

"ஏன் வேண்டாம்? இதா பாருங்க, வக்கீல் நோட்டீஸ். இங்க எடுக்கலீன்னா கோர்ட்டுல எடுப்பீங்க."

ரசாக் அலமாரியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி, மஞ்சள் பூத்த கவர் ஒன்றைத் தேடி எடுத்தார். நெகட்டிவை இரண்டு விரலில் பிடித்து ட்யூப்லைட்டுக்கு நேரே காட்டினார்.

"பாருங்க."

மாங்காய்க் கரை தெரிந்தது. அட்டிகை தெரிந்தது. அதற்கு மேலே காகிதத்தில் இருந்த அதே முகம். சென்னியம்மாள் இல்லை. நெகட்டிவில் வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை.

"நீங்க கொண்டாந்தது ஒரு கலியாண குரூப் போட்டோங்கண்ணா. பின்வரிசையில ரெண்டு பேர் தோளுக்கு நடுவுல அம்மணி மொகம் மட்டும்தான் தெரிஞ்சுது. கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லீங்க. அப்ப கம்ப்யூட்டர் ஏது? வேற ஒருத்தர் படத்துல மொகத்தை வெட்டி ஒட்டித்தான் செய்யோணும்."

பதினோரு வருஷமாக வீட்டுப் படத்தைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பட்டைச் சென்னியம்மாள் கட்டிக்கொண்டு நின்றதாகவே பாலுசாமிக்கு நினைவு இருந்தது.

"தெரிஞ்ச நாலஞ்சு பேருகிட்ட அவங்க படத்தைக் கேட்டுப் பாத்தனுங்க. செத்தவங்க படத்துல எங்க ஒடம்பா, அதுக்கு மாலை வேற போடுவாங்களேன்னு பயந்துட்டாங்க. அவங்களையும் சொல்லிக் குத்தமில்லீங்க."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா உங்களுக்கு அந்தப் படமும் இல்லாமப் போயிருமேன்னுதானுங்க..."

"அப்ப இது ஆருங்க?"

திரைச்சீலை விலகியது. தண்ணீர்ச் சொம்போடு ஓர் அம்மாள் வந்தாள். காதோரம் நரைத்திருந்தது. மற்றபடி காகிதத்தில் இருந்தவள்தான்.

"எம் பொண்டாட்டிங்க, மெஹராஜ்" என்றார் ரசாக்.

அவள் மேஜைமேல் கிடந்த நோட்டீஸைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் சொம்பை வைத்தாள்.

"எங்க கலியாணத்துக்கு எடுத்ததுங்க. பரவாயில்ல, எடுத்துக்கச் சொல்லுங்கன்னு நாந்தான் சொன்னேன். கேசெல்லாம் போட மாட்டனுங்க, பயப்படாதீங்க. மொதல்ல தண்ணியக் குடிங்க."

கோபிசெட்டிபாளையத்து வீட்டுப் படத்தில் சென்னியம்மாளுடையது முகம் மட்டும்தான்.